தாளில் உள்ள 11

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்தேன். நடுத்தரத் தலைக்காயம் என்று எழுதியிருக்கும்போது மூன்று மாதம் கழித்தும் மாப்பிள்ளை ஏன் இப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறாய். தலைக்காய வார்டில் செவிலியாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

தாளில் உள்ள 11 என்பது, டீஸ்டேல், ஜென்னட் என்ற மருத்துவர்கள் சுயநினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க 1974-இல் கிளாஸ்கோ நகரில் வகுத்த அளவின்படி தரப்பட்டது. கண் திறப்பு, பேச்சு, கைகால் அசைவு ஆகியவற்றைப் பார்த்து இப்போது 3 முதல் 15 வரை மதிப்பெண் இடுகிறார்கள். 13-உம் மேலும் லேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-உம் கீழும் கடுமை. முதல் சில மணி நேரத்தில் எவ்வளவு விரைந்து செயல்பட வேண்டும் என்பதற்கான எண் அது. பின்னாளில் அவர் கோபத்தை அடக்குவாரா, வரவு செலவு பார்ப்பாரா என்பதை அது சொல்லாது. அன்றன்று நடப்பது மனதில் தங்காத குழப்பம் ஒரு நாளுக்குள் தெளிந்தால் லேசானது என்றும், ஒரு வாரத்தைத் தாண்டினால் கடுமை என்றும் கொள்வதுண்டு. நீ வந்துபோனதைப் பத்து நாள் வரை அவர் மறந்துகொண்டே இருந்தார் என்று எழுதியிருந்தாயே, 11-ஐவிட அதுதான் என்னைக் கவலைப்படுத்தியது.

சி.டி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதையும் முழு ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதே. தலை வேகமாகச் சுழன்று நிற்கையில் இழுபட்டுச் சிதையும் நரம்பிழைகள் அதில் பெரும்பாலும் தெரிவதில்லை.

பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்துக்கொண்டு, நீ சொல்லும்வரை திறந்த குழாயின் முன் நிற்கிறார் என்றாய். அது சோம்பல் அன்று. ஒன்றைத் தொடங்குவதும், வரிசையாகச் செய்வதும், வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் அடக்குவதும் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியின் வேலைகள். மாலையில் எரிந்து விழுவதற்குப் பெரும்பாலும் களைப்பே காரணமாக இருக்கும். ஆகவே கடினமான பேச்சுகளைக் காலையில் வைத்துக்கொள். தனக்கு ஒன்றும் இல்லை என்று அவர் சொல்வதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தன் குறையைத் தானே உணரும் திறனையும் இந்தக் காயம் குலைப்பதுண்டு.

வாசனை தெரிகிறதா என்று கேட்டுப் பார். தலைக்காயத்தில் அது போய்விடுவது சகஜம், போனவருக்கு எரிவாயுக் கசிவும் தெரியாது. மது கூடவே கூடாது. வலிப்பு மாதங்கள் கழித்தும் வரலாம் என்பதால், மருத்துவர் அனுமதிக்காமல் வண்டி ஓட்ட விடாதே.

தேறுவது முதல் ஆறு மாதத்தில்தான் வேகம். அதன்பின் மெதுவாக, ஆண்டுக்கணக்கிலும் தொடரும். சில மாற்றங்கள் நிலைத்தும் விடலாம், அதை உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை. அவர் வேலைக்குத் திரும்புமுன் நினைவு, கவனம், திட்டமிடல் ஆகியவற்றுக்கான நரம்பியல் உளவியல் சோதனையை மருத்துவரிடம் கேட்டு வாங்கு. போகும்போது இந்தத் தாளோடு, நீ வீட்டில் கண்டவற்றையும் தேதி போட்டு எழுதி எடுத்துச் செல்.

அன்புடன்,
அம்மா