ஜன்னலோரம், இடது கைப் பக்கம், கீழ்த்தட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ சோர்ந்துபோய்ப் பேசியது மனதிலேயே நிற்கிறது. ஆஸ்பத்திரி இணையதளத்தை ஆறு மாதம் உட்கார்ந்து ஒழுங்காகப் பிரித்து அடுக்கினாய். நோயாளிகளோ பழையபடியே வேண்டும் என்கிறார்கள். போனில் எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தது. சொல்ல நினைத்தது இதுதான்.

நம் கிளை நூலகம் வாடகை வீட்டிலிருந்து புதுக் கட்டடத்துக்குப் போனபோது நீ ஆறாவது படித்தாய். நீயும் புத்தகக் கட்டு சுமந்தாய். பொருள்வாரியாகப் புத்தகங்களுக்குப் போடும் பகுப்பு எண் பிசகாமல் அத்தனையையும் நானே அடுக்கினேன். மறுநாள் தபால்காரத் தாத்தா வந்தார். வாசலைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டார். சித்த மருத்துவப் புத்தகங்கள் அவருக்கு 'ஜன்னலோரம், இடது கைப் பக்கம், கீழ்த்தட்டு'. எண் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை. புது ஹாலில் ஜன்னல் எதிர்ப்பக்கம் இருந்தது. ஒரு வாரம் பேப்பரை மட்டும் படித்துவிட்டுப் போனார். என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார். அந்த ஒரு வாரம் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அவர் மட்டுமா அப்படி? நீ இருக்கும் லண்டனிலேயே ராபர்ட் காட்டன் என்று ஒருவர் இருந்தார், 1631இல் இறந்தவர். பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். அவருடைய நூலக அறையில் ஒவ்வொரு அலமாரியின் மேலும் ஒரு மார்பளவுச் சிலை. ரோமாபுரியின் சீசர்கள் பன்னிரண்டு பேர், அவர்களோடு கிளியோபாட்ராவும் ரோமாபுரி அரசி ஃபாஸ்டினாவும். புத்தகத்தின் முகவரியே அந்தச் சிலைதான். பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியம் இருக்கும் பிரதியின் எண் 'காட்டன் விட்டெலியஸ் ஏ 15'. விட்டெலியஸ் என்ற சீசரின் தலைக்குக் கீழே, ஏ என்ற மேல்தட்டில், பதினைந்தாவது புத்தகம். அந்த அறை போய்விட்டது. 1731இல், வேறொரு வீட்டில் வைத்திருந்தபோது, தீப்பிடித்து நிறையப் பிரதிகள் கருகின. மிஞ்சியவை பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய், அங்கிருந்து பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்தன. எண் மட்டும் மாறவே இல்லை. இடிந்துபோன ஓர் அறையின் வழி இன்னும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. தபால்காரத் தாத்தாவின் காலுக்குள் வாடகை வீடு இருந்த மாதிரி.

இதற்கு நேர் எதிரான வழியைக் காட்டியவர் நம் சீர்காழிக்காரர், எஸ். ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்கு லண்டன் போன இடத்தில், ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே திருகுகள், ஆனால் மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண்ணைச் செய்து வைப்பதைவிட, உறுப்புகளை வைத்துக்கொண்டு தேவையான எண்ணை அவ்வப்போது பூட்டிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் வந்த கோலன் பகுப்புமுறை அப்படிப் பிறந்ததுதான். அந்த எண்ணுக்குச் சுவரும் தெரியாது, ஜன்னலும் தெரியாது. எந்தக் கட்டடத்துக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்றவர் வேறு எப்படிச் செய்வார்?

ஆனால் பாப்பா, அதே மனிதர்தான் வாசகரே அலமாரிக்குள் நடந்துபோய்ப் புத்தகத்தைக் கையால் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நூலகங்களுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. எண்ணை எவ்வளவு நுணுக்கமாகக் கட்டினாலும் அதைத் தேடி ஒரு ஆள் நடந்து வருவார் என்பதை அவர் மறக்கவில்லை. நான் அந்த ஒரு வாரம் மறந்துவிட்டேன்.

அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? சித்த மருத்துவ ரேக்கை மட்டும் வரிசையிலிருந்து பிரித்து, புது ஹாலின் ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தேன். அது இருக்க வேண்டிய இடத்தில், எங்கே போயிருக்கிறது என்று ஒரு அட்டை எழுதி மாட்டினேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஏன் வரிசை உடைந்திருக்கிறது என்று கேட்டார். யார் வருவதற்காக என்று சொன்னேன். ஒன்றும் பேசாமல் குறித்துக்கொண்டு போனார். தாத்தா கடைசிவரை அந்த ஜன்னலோரம்தான் உட்கார்ந்தார்.

உன் வேலைக்குத் 'தகவல் கட்டடக்கலை' என்று பெயர் கொடுத்ததே கட்டடம் கட்டப் படித்த ஒருவர்தான் என்று நீதானே சொன்னாய்? ரிச்சர்ட் சால் வுர்மன், 1976. அப்படியானால் உன் நோயாளிகளை ஒரு கட்டடத்துக்குள் வருகிறவர்களாக நினைத்துப் பார். நீ செய்த பிரிப்பைக் கலைக்காதே, அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் தினமும் போகிற நாலைந்து இடங்கள் எவை என்று கேள். மருந்துச் சீட்டா, பரிசோதனை முடிவா? அவற்றைப் பழைய மூலையிலேயே விட்டுவை.

விடுமுறை கிடைத்தால் பிரிட்டிஷ் நூலகத்துக்கு ஒரு நடை போய்வா. பேவுல்ஃப் பிரதியைக் காட்சிக்கு வைத்திருந்தால், பக்கத்தில் இருக்கும் அட்டையைப் படம் எடுத்து அனுப்பு. விட்டெலியஸ் பெயரை நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா