எல்லாமே மணல் புயல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குவைத்தில் வானம் செம்மஞ்சளானாலும், சூடானின் கார்த்தூமில் புழுதிச் சுவர் எழுந்தாலும், கெய்ரோவில் அனல் அடித்தாலும் நம் செய்திகளில் அது ‘மணல் புயல்’தான். மணல் கனமானது. பெரும்பாலும் ஆள் உயரத்துக்கு மேல் எழாமல் தரையோடு துள்ளி ஓடும். ஆயிரம் மீட்டருக்கு மேலே போவதும் நுரையீரலில் இறங்குவதும் நுண்புழுதி. ஆகவே ‘புழுதிப் புயல்’ என்பதே பொருத்தம். அந்தந்த ஊரில் அந்தக் காற்றுக்கு வழங்கும் பெயரையும் சேர்த்து எழுதினால், காற்று எப்படி வரும், எப்போது ஓயும் என்பதும் புரியும்.

வளைகுடாவில் வீசுவது ஷமால். அரபியில் வடக்கு என்று பொருள். நம் வாடையைப் போலத் திசையால் வந்த பெயர். ஜூன், ஜூலையில் ஈராக் பக்கமிருந்து நாள்கணக்கில் வீசும். பகலில் உக்கிரம், இரவில் தணிவு.

எகிப்தின் கம்சீன் என்றால் ஐம்பது. அதை ‘50 நாள் விடாமல் வீசும் காற்று’ என்று எழுதுவது தவறு. வசந்தத்தில் சுமார் 50 நாள் பருவத்தில் விட்டுவிட்டு வரும். வந்தால் ஓரிரு நாள். மத்தியதரைக் கடலோரமாகக் கிழக்கே நகரும் காற்றழுத்தத் தாழ்வு, தனக்கு முன்னால் சகாராவின் அனலைத் தெற்கிலிருந்து இழுத்துவிடுகிறது. தாழ்வு கடந்ததும் சூடு சட்டென்று இறங்கும்.

சூடானின் ஹபூப் வேறு சங்கதி. இடிமழை மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையில் மோதிப் பரவிப் புழுதியைக் கிளப்புகிறது. மிஞ்சினால் சில மணி நேரம். பின்னாலேயே மழை வரலாம். அமெரிக்காவின் அரிசோனாவிலும் இதே பெயர்தான். 2011 ஜூலையில் ஃபீனிக்ஸ் நகரை அது மூடியபோது, அரபுச் சொல் எதற்கு என்று சிலர் முகம் சுளித்தது தனிக்கதை. ஹபூபில் சிக்கும் ஓட்டுநர்களுக்கு அந்த மாநிலம் சொல்லும் வழி இது: சாலையை விட்டு முழுக்க ஒதுங்கி, விளக்குகள் அனைத்தையும் அணைத்து, கைபிரேக் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். மிதித்தபடி இருந்தால் பின்விளக்கு எரியும். அதைப் பார்த்துச் சாலை அங்கேதான் போகிறது என்று நம்பிப் பின்னால் வருபவர் நேராக வந்து மோதுவார்.

வட இந்தியாவில் லூ எனப்படுவது மே, ஜூன் பிற்பகல்களில் வீசும் மேற்குக் காற்று. ஈரமே இல்லாததால் அங்கே நனைத்த வெட்டிவேர்த் தட்டி அறையை நன்றாகக் குளிர்விக்கும். சென்னைப் புழுக்கத்தில் அந்த அளவுக்குப் பலிக்காது. லூ வீசும்போது வியர்வையும் துளிர்த்தவுடன் காய்ந்துவிடும். சட்டை நனையவில்லையே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்தான் லூவில் முதலில் சுருண்டு விழுகிறார்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், திருநெல்வேலி