இரண்டாம் பாகமும் மூன்றரை நட்சத்திரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் புதிய சூப்பர்ஹீரோ தொடர்ச்சிப் படம் ஒன்றுக்கு முக்கால் பக்க விமர்சனம் எழுதிய தங்கள் விமர்சகர், ‘முதல் பாகம் பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும்’ என்று முடித்திருக்கிறார். இதைச் சொல்ல அவர் படத்தைப் பார்த்திருக்கவே வேண்டாம். சுவரொட்டியில் இருக்கும் ‘2’ என்ற எண்ணைப் பார்த்திருந்தாலே போதும்.

முதல் பாகம் பிடித்துப்போனதால்தான், இரண்டாவதற்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வியோடு தங்கள் பக்கத்தைப் புரட்டுகிறோம். பிடிக்காதவன் எதற்குப் புரட்டப் போகிறான்? 2019இல் வந்த ‘ஜோக்கர்’ என்னை உலுக்கிய படம். அந்தத் தெம்பில் 2024இல் அதன் தொடர்ச்சிக்குப் போனேன். நாயகன் மனநலக் காப்பகத்திலும் நீதிமன்றத்திலும் பாடத் தொடங்கியபோதுதான், அது ஏறக்குறைய ஓர் இசை நாடகம் என்பதே எனக்குத் தெரிந்தது. பாட்டின் மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் இதே விமர்சகர் அப்போது எழுதியதில் ஒளிப்பதிவுக்கு இரண்டு பத்திகள் இருந்தனவே தவிர, ‘பாட்டு’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். அது வெளியாகவில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. 2022இல் வந்த ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ இரண்டாம் பாகத்துக்காக, 2016இல் வந்த முதல் பாகத்தை மறுபடி பார்த்துவிட்டு, பரீட்சைக்குப் போகிறவனைப் போலத் தயாராகப் போனேன். அதில் கொலைவெறியோடு வரும் வாண்டா, தன் இரண்டு பிள்ளைகளுக்காக ஏங்குகிறாள். அந்தப் பிள்ளைகளே அவளைக் கண்டு மிரளும் காட்சியில் அரங்கம் அடங்கிப்போயிற்று. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்டது. நானோ பக்கத்திலிருந்த அக்காள் மகனிடம், ‘யாருடா இந்தப் பிள்ளைகள்?’ என்று கேட்டேன். ‘அது படத்தில் வராது மாமா, போன வருடத்துச் சீரிஸில் வரும்’ என்றான். நான் படித்துக்கொண்டு போன முதல் பாகத்தில் வாண்டாவே கிடையாது. ஒரு படத்தின் கண்ணீர்க் காட்சி புரிய ஓடிடியில் 9 பகுதிகளைப் பார்த்து முடித்திருக்க வேண்டுமென்றால், அதை எனக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவர் தங்கள் விமர்சகரா, வாசலில் டிக்கெட் கிழிப்பவரா?

தொடர்ச்சி என்றாலே இப்படித்தான் என்று சமாதானம் சொல்லிவிட முடியாது. 2004இல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’, பெயர்கள் ஓடும்போதே முதல் பாகத்துக் கதையைச் சித்திரங்களாகக் காட்டி முடித்துவிடும். அதன்பின் அந்தப் பையன் பீட்சாவைத் தாமதமாகக் கொண்டுபோய் வேலையை இழப்பதும், வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் நச்சரிப்பதும் முன்கதை தெரியாதவருக்கும் புரியும். முதல் பாகத்தில் சக்தி கிடைத்தவன் இரண்டாவதில் அதை வேண்டாமென்று உதறப் பார்க்கிறான்; அந்தப் படத்துக்கு அப்படியொரு புதிய கதை இருந்தது. அதே இயக்குநரின் மூன்றாம் பாகத்திலோ (2007) மூன்று வில்லன்களைத் திணித்ததில் ஒருவனும் மனத்தில் நிற்கவில்லை. என்னைப் போன்ற சாதாரண ரசிகனுக்கே இந்த வேறுபாடு தெரிகிறது. தங்கள் விமர்சகருக்கோ எல்லாமே ‘பிரம்மாண்டம்’, எல்லாவற்றுக்கும் மூன்றரை நட்சத்திரம். அந்த அரை நட்சத்திரம் எதற்கு என்று பல ஆண்டுகளாக யோசித்துவருகிறேன். சொல்ல வேண்டியதை விட்டுவிடும் அவர், யார் சாகிறார் என்பதை மட்டும் இரண்டாம் பத்திக்குள் சொல்லத் தவறியதே இல்லை.

தாங்கள் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இத்தகைய படங்களின் விமர்சனத்துக்குக் கீழே, முன்னதாக எதையெல்லாம் பார்த்திருக்க வேண்டும், கதை இந்தப் படத்திலேயே முடிகிறதா, கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை உட்கார வேண்டுமா என்று இரண்டு வரி அச்சிட்டால் போதும். மூன்றாவதைக் கேலியாக எண்ண வேண்டாம். 2019இல் மூன்று மணி நேரம் ஓடிய ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ முடிந்தபின், வழக்கம்போல் ஒரு காட்சி வரும் என்று கால் மரத்துப்போகக் காத்திருந்த எனக்குக் கிடைத்தது, சில சுத்தியல் அடிகளின் ஓசை மட்டுமே.

இரண்டு வரிக்கு இடம் போதவில்லையென்றால், நட்சத்திரங்களை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்