தண்ணீர் போகும் இடத்திலிருந்து தொடங்கு

அன்புள்ள அம்மாடி,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. பின்சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஓதம் ஏறியிருப்பதும் தெரிகிறது. எனக்குக் கவலை அந்தச் சுவரைப் பற்றித்தான். புல் அழுகினால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். அஸ்திவாரத்தை ஒட்டி வருஷக்கணக்கில் ஈரம் நின்றால் அப்படி மாற்ற முடியாது. ஒரு வாய்க்கால் வெட்டி, ஜல்லி போட்டுத் துளைக்குழாயைப் புதைத்தால் முடிந்தது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

அடுத்த மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் கொல்லையில் நில். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே முதலில் தேங்குகிறது, நிரம்பியதும் எந்தப் பக்கம் வழியப் பார்க்கிறது என்று கவனி. மழை பெய்யும்போதே மளமளவென்று ஏறினால் அது கூரையிலிருந்தும் மேட்டிலிருந்தும் ஓடிவரும் தண்ணீர். மழை நின்று பல மணி நேரம் கழித்து ஏறிக்கொண்டே இருந்தால் கீழிருந்து ஊறுகிறது. மழையில்லாத வாரத்தில் 60 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டிப் பார். அப்போதும் அடியில் தண்ணீர் ஊறினால் நிலத்தடி நீர்மட்டமே மேலே இருக்கிறது. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கூரைத் தண்ணீரை லேசாக எண்ணாதே. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. பெய்தால் 2,500 லிட்டர். உன் படத்தில் கூரைக் குழாய் அத்தனையையும் சுவர் ஓரத்திலேயே கொட்டுகிறது. முதல் வேலை அதைத் துளையில்லாத குழாயில் பிடித்து வீட்டை விட்டு அப்பால் கொண்டுபோவது. அடுத்தது சுவரோர மண். சுவரிலிருந்து முதல் 3 மீட்டரில் 15 செ.மீ. இறங்கும்படி வாட்டம் கொடு. அதற்கு மணலைக் கொட்டாதே, தண்ணீர் அதற்குள் இறங்கிச் சுவருக்கே போகும். களிப்பான மண்ணைப் போட்டு இடித்து இறுக்கு. ஈரம் மேலே ஏறாமலிருக்கச் சுவருக்குள் ஓதத் தடுப்பு அடுக்கு போட்டிருப்பார்கள்; மண்ணின் மேல்மட்டம் அதற்கு 15 செ.மீ. கீழேயே இருக்கட்டும். பல வீடுகளில் இந்த இரண்டோடு தொல்லை தீர்ந்துவிடும். இவற்றைச் செய்து ஒரு நல்ல மழையைப் பார்த்த பிறகு வாய்க்காலைப் பற்றி முடிவு செய்.

வாய்க்கால் வேண்டும் என்றால், அதைக் கடைமுனையிலிருந்து பின்னோக்கித் திட்டமிடு. வடிகால் வேலைகள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஜல்லி நல்லது, குழாய் நல்லது, ஆனால் தண்ணீர் போக இடமில்லை. கடைசியில் அது பூமிக்கடியில் கட்டிய நீளமான தொட்டியாகிவிடும். உன் நிலத்திலேயே தாழ்ந்த மூலை இருந்தால் குழாயின் வாயை அங்கே வெளியே விடுவதுதான் எல்லாவற்றிலும் நல்லது, ஏனென்றால் ஓடுகிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். தெருவில் மழைநீர் வடிகால் இருந்தால் உள்ளாட்சியில் அனுமதி கேட்டு இணைக்கலாம். கழிவுநீர்க் குழாயிலோ செப்டிக் டேங்கிலோ விடவே கூடாது. பெருமழையில் அது நிரம்பி வீட்டுக்குள் திரும்பும். பக்கத்து வீட்டு மண்ணிலும் தள்ளாதே.

தாழ்ந்த இடமே இல்லையென்றால் உறிஞ்சுகுழி, அதாவது தண்ணீரை மெல்ல மண்ணுக்குள் இறங்கவிடும் ஜல்லிக் குழி. அதற்கு முன் மண்ணைச் சோதிக்க வேண்டும். ஈரமண்ணை ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நாடாபோல மெல்லத் தள்ளு. ஒட்டாமல் உதிர்ந்தால் மணல். இரண்டு மூன்று செ.மீ. நீண்டு ஒடிந்தால் நடுத்தரம். 5 செ.மீ. தாண்டியும் ஒடியாமல் விரலில் வழவழவென்று தொங்கினால் சுத்தக் களி. பிறகு 30 செ.மீ. ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி இரவு முழுக்க ஊறவிடு. காலையில் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று அள. 25 மி.மீ.க்கு மேல் இறங்கினால் தைரியமாகச் செய். 12 மி.மீ. கூட இறங்கவில்லை என்றால் உறிஞ்சுகுழி உறிஞ்சாது, அந்த நினைப்பை விட்டுவிடு. முதல் தடவை ஊற்றியதும் இறங்குவதை வைத்து ஏமாறாதே, காய்ந்த மண் எதுவானாலும் முதலில் குடிக்கும்.

குழியின் அளவையும் கணக்குப் போட்டே வெட்டு. ஜல்லி நிரப்பிய குழியில் தண்ணீருக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய 35 சதவீதம்தான். 2,500 லிட்டரைத் தாங்க 7 கன மீட்டர் குழி வேண்டும்: 3.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். ஒரு பீப்பாய் அளவுக்குக் குழி தோண்டி ஜல்லி கொட்டினால் ஏன் அரைமணியில் நிரம்பி வழிகிறது என்பது இதிலேயே தெரியும். வீட்டிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி இருக்கட்டும். களிமண்ணும் சமதளமும் சேர்ந்துகொண்டால் ஒரு தொட்டியில் தண்ணீரைச் சேர்த்து மோட்டார் வைத்து வெளியேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் குழாயில் ஒருவழி வால்வு போட மறக்காதே, இல்லாவிட்டால் மோட்டார் நின்றதும் குழாயில் இருக்கும் தண்ணீர் அப்படியே தொட்டிக்குத் திரும்பும்.

இனி வாட்டம். மீட்டருக்கு 1 செ.மீ. இறக்கம் என்பது நல்ல கணக்கு. 15 மீட்டர் வாய்க்காலுக்கு 15 செ.மீ. தரை மட்டமாக இருந்தால் தொடங்கும் தலைப்பில் 50 செ.மீ. ஆழம், கடைமுனையில் 65 செ.மீ. ஆழம். அந்தக் கடைமுனைக்கும் கீழே தண்ணீர் விழ இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள். தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் கண்ணை நம்பாதே. ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார். இரண்டு முனையையும் இரண்டு முளைக்குச்சிகளில் பிடித்து, தண்ணீர் ஆடி அடங்கும்வரை பொறு. இரு பக்கமும் தண்ணீர் நிற்கும் உயரம் ஒரே மட்டம். அங்கே கோடு போட்டு, கோட்டிலிருந்து தரை வரை அளந்தால் வித்தியாசம் தெரியும். டியூபுக்குள் காற்றுக்குமிழி குறுக்கே அடைத்து நின்றால் அளவு பொய்யாகும். நிரப்பியதும் டியூபைத் தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்று. பிறகு முளைகளுக்கு நடுவே வாட்டத்தோடு நூல் கட்டி, நூலிலிருந்தே ஆழத்தை அளந்து வெட்டு.

வெட்டும் முன் மின்கம்பி, எரிவாயு, குடிநீர்க் குழாய் எங்கே புதைத்திருக்கிறது என்று உரியவர்களிடம் கேட்டுக் குறித்துவை. அந்த இடங்களில் கடப்பாரையைப் போடாமல் கையால் மெல்லத் தோண்டச் சொல். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளிப் போ, அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்காதே. பெரிய மரத்தின் அருகே போக நேர்ந்தால் அந்தத் தூரத்துக்கு மட்டும் துளையில்லாத குழாயைப் போடு, வேர் துளையைத் தேடி உள்ளே வந்துவிடும்.

வாய்க்காலின் அகலம் 30 செ.மீ. போதும். மேலே 10 செ.மீ. மண்ணுக்கு விட்டு மீதியை ஜல்லியால் நிரப்பினால், அந்த 15 மீட்டருக்கு, குழாயின் இடம் போக 2 கன மீட்டர் ஜல்லி பிடிக்கும். சிந்துவதற்கும் சேர்த்து 2.2 வாங்கு. அதன் எடை 3 டன்னுக்கு மேல் வரும், வண்டி வந்து எங்கே கொட்டும் என்று முன்பே யோசித்துவை. வெட்டிய மண்ணும் இளகி 3 கன மீட்டருக்குக் குறையாமல் குவியும். சுவரோர வாட்டம் எங்காவது தாழ்ந்திருந்தால் அதிலிருந்தே எடுத்து நிரப்பலாம். ஜல்லி 20 மி.மீ. அளவில், கழுவியதாக இருக்க வேண்டும். வாங்கும் முன் ஒரு வாளியில் இரண்டு கை ஜல்லியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பார். தண்ணீர் பால்போல வெளுத்து, அடியில் விரற்கடை அளவுக்குத் தூள் படிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்தத் தூள்தான் சேறாகி இடைவெளிகளை அடைக்கும்.

குழிக்குள் முதலில் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி), நெய்யாத வகை. நெய்த வகையில் தண்ணீர் போதிய வேகத்தில் இறங்காது, பிளாஸ்டிக் விரிப்பில் இறங்கவே இறங்காது. 2 மீட்டர் அகலத் துணி உன் வாய்க்காலுக்குச் சரியாக இருக்கும்: அடிக்கு 30, இரு பக்கச் சுவருக்கும் சேர்த்து 110, மேலே மடித்து மூட 60. துணியைக் குழாயில் மட்டும் இறுக்கிச் சுற்றுகிறவர்கள் உண்டு. நுண்மண் முழுவதும் அந்தச் சின்னப் பரப்பில் வந்து அப்பிக்கொள்ளும். களிமண்ணில் அது சீக்கிரமே அடைத்துப்போகும். குழி முழுவதையும் துணியால் போர்த்தினால் பரப்பு பல மடங்கு.

துணிமேல் 5 செ.மீ. ஜல்லி, அதன்மேல் குழாய். வளையும் நெளிவுக் குழாயை விட நேரான பி.வி.சி. குழாயையே வாங்கு. நெளிவுக் குழாய் நடுநடுவே தொய்ந்து, தொய்ந்த இடத்தில் வண்டல் தங்கும்; சுத்தம் செய்யக் கம்பி விட்டால் கிழியும். துளை வரிசை கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். இதில் எல்லாருக்கும் குழப்பம். தண்ணீர் மேலிருந்து குழாய்க்குள் சொட்டுவதில்லை. வாய்க்காலின் அடியில் சேர்ந்து மேலே ஏறுகிறது. துளை கீழே இருந்தால் ஏறத் தொடங்கியதுமே உள்ளே புகுந்து ஓடிவிடும். துளை மேலே இருந்தால் குழாய் மூழ்குகிற வரைக்கும் ஒன்றும் நடக்காது.

100 மி.மீ. குழாய் போதுமா என்று கேட்டிருந்தாய். 200 சதுர மீட்டரிலிருந்து தண்ணீர் வருகிறது, மணிக்கு 50 மி.மீ. மழை என்று வைத்தால் நொடிக்கு 2.8 லிட்டர். உட்புறம் வழவழப்பான 100 மி.மீ. குழாய் இந்த வாட்டத்தில் நொடிக்குச் சுமார் 6 லிட்டர் இழுக்கும். மணிக்கு 100 மி.மீ. கொட்டுகிற ஊரானால் அதுவே விளிம்பு, 150 மி.மீ. போட்டுவிடு.

கூரைக் குழாயை இந்தத் துளைக்குழாயில் மட்டும் சேர்த்துவிடாதே. கூரைத் தண்ணீர் துளை வழியே வெளியேறி, நீ காயவைக்க நினைத்த மண்ணையே நனைக்கும். இலைக்குப்பையும் சேர்ந்து வரும். அதற்குத் தனிக் குழாய், அதே வாய்க்காலில் பக்கத்திலேயே போகலாம். கடைமுனையில் சந்தித்தால் போதும். அது தொடங்கும் இடத்தில் ஒரு சேம்பர் கட்டு. வெளியேறும் குழாயின் அடிமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே சேம்பரின் தளம் இருக்கட்டும், வண்டல் அங்கே தங்கிவிடும். திருப்பங்களில் ஒரே 90 டிகிரி எல்போ வேண்டாம், இரண்டு 45 டிகிரி பெண்ட் போடு. ஒவ்வொரு திருப்பத்திலும் தரைமட்டத்துக்கு ஒரு குழாயை நிமிர்த்தி மூடி போட்டுவை; பின்னால் அடைப்பு எடுக்க அதுதான் வழி. கடைமுனையில் எலி புகாத கம்பிவலை, தண்ணீர் விழும் இடத்தில் மண் அரிக்காமல் நாலு கல்.

மூடுவதற்கு முன் கட்டாயம் சோதித்துப் பார். குழாய் இடம் மாறாதபடி பாதி உயரத்துக்கு ஜல்லி போட்டதும், துளையில்லாத குழாயின் தலைப்பில் ஒரு வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்று. கடைமுனையில் ஏறக்குறைய முழுவதும் வந்து சேர வேண்டும். வராமல் பாதி உள்ளேயே நின்றால் எங்கோ தொய்ந்திருக்கிறது. துளைக்குழாயில் இப்படி ஊற்றினால் வழியிலேயே கசிந்துவிடும், அதை அந்த நூலை வைத்து மீட்டருக்கு மீட்டர் அளந்து பார். வேலை செய்கிறவர்கள் அவசரப்பட்டாலும் இந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்காதே. சரியென்று தெரிந்த பிறகு மீதி ஜல்லி, துணியை மடித்து ஒன்றன்மேல் ஒன்று 30 செ.மீ. படியும்படி மூடி, மேலே மண். தண்ணீர் வேகமாக வந்து நிற்கும் பள்ளத்தில் மட்டும் மண்ணுக்குப் பதில் கூழாங்கல்லைப் பரப்பிவிடு, களிமண் மூடியிருந்தால் மேல்தண்ணீர் ஜல்லிக்கு இறங்கவே நேரமாகும்.

மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் சேம்பரைத் திறந்து வண்டலை அள்ளிவிடு. அதில் பாதி நிரம்பியிருந்தால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். பெருமழையில் கடைமுனையைப் போய்ப் பார்: தண்ணீர் கலங்கலாகவே வந்துகொண்டிருந்தால் துணி எங்கோ கிழிந்து மண் உள்ளே வருகிறது. கொல்லையில் தேங்கியும் கடைமுனை வறண்டிருந்தால் அடைப்பு. மூடிகளைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வா, எந்த மூடியில் முதலில் தண்ணீர் நிற்கிறதோ அதற்கும் அதற்குக் கீழே உள்ள மூடிக்கும் நடுவில்தான் அடைப்பு இருக்கும்.

இந்த வாரம் டியூப் மட்டம் பார்த்து, 3 மீட்டருக்கு ஒரு முளை வைத்து, அளவுகளை ஒரு தாளில் வரைந்து படம் எடுத்து அனுப்பு. குழிச் சோதனையில் எத்தனை மி.மீ. இறங்கியது என்பதையும் எழுது. அதன் பிறகும் வாய்க்கால் வேண்டும் என்றால் ஜல்லிக்குச் சொல்லலாம்.

அன்புடன்,
அப்பா