அப்புசாமிக்கு ஒரு செம்பதிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்தில் 1932இல் பிறந்த ஜ.ரா.சுந்தரேசன், அம்மா பாக்கியத்தின் பெயரையும் அப்பா ராமசாமியின் பெயரையும் சேர்த்து ‘பாக்கியம் ராமசாமி’ என்று புனைபெயராக்கிக்கொண்டார். குமுதம் வார இதழின் ஆசிரியர் எஸ்.ஏ.பி.யின் கீழ் ரா.கி.ரங்கராஜன், புனிதன் ஆகியோருடன் அந்த இதழின் தூணாக நின்றவர் அவர். 1963இல் குமுதத்தில் அப்புசாமித் தாத்தா, சீதாப்பாட்டி என்ற நகைச்சுவைப் பாத்திரங்களை அறிமுகப்படுத்தினார். 2017 டிசம்பரில் அவர் மறையும்வரை அந்த ஜோடி தமிழ் வீடுகளில் உறவுக்காரர்கள் மாதிரி நடமாடியது. பாட்டிகள் முன்னேற்றக் கழகத் தலைவியாக மேடை ஏறும் பாட்டி, பாக்கெட் மணிக்கு அவள் கையை எதிர்பார்க்கும் தாத்தா, ஏதாவது திட்டம் போட்டு அவரை மாட்டிவிடும் ரசகுண்டு, பீமாராவ். இவர்களைப் படைத்தவருக்குக் கால வரிசைப்படி, ஓவியர் ஜெயராஜின் படங்களோடு, பாடம் சரிபார்த்த முழுத் தொகுப்பு ஒன்று வர வேண்டும் என்பதே இந்தக் கடிதத்தின் கோரிக்கை.

பழைய கதைகளைத் தட்டச்சு செய்து அட்டை போட்டுவிட்டால் தொகுப்பு ஆகிவிடாது. வாராந்தர இதழில் அச்சான வடிவம்தான் மூலம். அந்தத் தாள் செய்தித்தாள் ரகத்தைச் சேர்ந்தது. மரக்கூழில் நீக்கப்படாமல் தங்கிய லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளாகும். அமிலம் ஏறி, மடித்த இடத்தில் தாள் ஒடியும். இதழைத் தைத்த கம்பி ஊசி துருப்பிடித்தால் நடுப்பக்கம் ஓட்டையாகும். பைண்டு செய்த தொகுதியை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு விட்டுப்போகும். ஆகவே V வடிவத் தாங்கியில் பாதி திறந்தபடி வைத்து மேலிருந்துதான் படம் எடுக்க வேண்டும். பின்பக்க எழுத்து முன்னால் தெரியாமலிருக்கப் பக்கத்தின் அடியில் ஒரு கறுப்பு அட்டை செருகினால் போதும். எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதுமானது. ஜெயராஜின் கோட்டோவியங்களுக்கு 600 வேண்டும், அதையும் டிஃப் கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஜேபெக்காகச் சுருக்கினால் மெல்லிய கோட்டின் ஓரங்களில் புகை மாதிரி கறை படியும். பெரிதாக்கி அச்சிடும்போது அசிங்கமாகத் தெரியும்.

அடுத்த ஆபத்து, பக்கப் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருளில் இருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய இதழ்களில் ணா, றா, னா, லை, னை போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். இன்றைய அச்சைப் படித்துப் பழகிய மென்பொருள் அவற்றைக் கண்டபடி மாற்றும். ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் குழப்பம் எப்போதுமே உண்டு. ஆகவே ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, இன்னொருவர் திருத்தப்படியில் சரிபார்க்கும் பழைய முறையே நல்லது. நகைச்சுவைக்கு இது இரண்டு மடங்கு அவசியம். கட்டுரையில் ஓர் எழுத்து பிசகினாலும் பொருள் புரிந்துவிடும். நகைச்சுவையில் சிரிப்பு போய்விடும்.

மென்பொருளைவிடப் பெரிய ஆபத்து, நல்லெண்ணத்தோடு கை வைக்கும் மெய்ப்புத் திருத்துநர். சென்னைப் பேச்சில் வரும் ‘கெயவி’யைக் ‘கிழவி’ ஆக்கினால் அப்புசாமி செத்துவிடுவார். சீதாப்பாட்டியின் ஆங்கிலத்தைத் தமிழாக்குவதும் அதே குற்றம்தான். வேண்டுமென்றே செய்த பிழை எது, அச்சுக்கோப்பவரின் பிழை எது என்று பிரிக்க ஒரு வழி உண்டு. அந்தப் பாத்திரம் அதே சொல்லை வேறு இடங்களில் எப்படிப் பேசுகிறது என்று பட்டியல் போட்டுப் பார்க்க வேண்டும். பல இடங்களில் ஒரே மாதிரி வந்தால் அது ஆசிரியர் வைத்தது. ஒரே ஓர் இடத்தில் மாறியிருந்தால் சந்தேகப்படலாம். அப்போதும் திருத்தியதைப் பின்னிணைப்பில் சொல்லிவிட வேண்டும்.

தொடர்கதைகளில் வாரக் கடைசித் திருப்பமும் அடுத்த வாரத் தொடக்கத்தில் அதை நினைவூட்டும் வரிகளும் இருக்கும். புத்தகத்தில் இவை அடுத்தடுத்து வருவதால் திரும்பச் சொல்வதாகத் தோன்றி, வெட்டக் கை துடிக்கும். வெட்டக் கூடாது. வார எல்லையை ஒரு சிறு குறியால் காட்டினால் வாசகர் அந்த மூச்சை உணர்ந்துகொள்வார். ‘டிரங்க் கால்’ (அந்தக் கால வெளியூர்த் தொலைபேசி அழைப்பு) போன்றவற்றுக்கு இன்றைய இருபது வயதுக்காரருக்குக் குறிப்பு தேவைதான். ஆனால் அது நூலின் கடைசியில் இருக்கட்டும். பக்கத்தின் அடியிலேயே விளக்கினால் சிரிக்குமுன் கண் கீழே போய்விடும்.

உரிமை விஷயத்தையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பத்திரிகை ஊழியர் பணியின் பகுதியாக எழுதியதை இதழில் வெளியிடும் உரிமைதான் பத்திரிகை உரிமையாளருக்கு முதலில் சேரும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மற்ற உரிமைகள் எழுதியவருக்கே. ஆசிரியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு கணக்கு. அதாவது இவர் எழுத்துக்கு 2077 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. ஆகவே பதிப்பாளர் முதலில் போக வேண்டியது ஒப்பந்தங்களைப் பார்க்கவும் குடும்பத்தாரிடம் பேசவும்தான். ஓவியங்களுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். பல முயற்சிகள் இந்த இரண்டாவது அனுமதியை மறந்து படமில்லாமலே அச்சேறிவிடுகின்றன.

பிற்காலத்தில் அப்புசாமி இணையத்துக்கும் போனார். அவருக்கென்று ஒரு தளமே நடந்தது. இணைய எழுத்து காகிதத்தைவிடச் சீக்கிரம் அழியக்கூடியது. டாட் காம் முகவரிக்கான கட்டணம் தவறினால் 45 நாள்வரை சலுகை கிடைக்கலாம். பிறகு கூடுதல் பணம் கட்டி மீட்க 30 நாள். அதன்பின் 5 நாளில் பெயர் பொதுச்சந்தைக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். தொகுப்புக் குழு முதல் வாரத்திலேயே அங்கே கிடைக்கிற பக்கங்களை யூனிகோடில் இறக்கி, இரண்டு ஊர்களில் இரண்டு வன்தட்டுகளில் வைக்க வேண்டும். பழைய எழுத்துருக் குறியீட்டில் ஏதும் இருந்தால் மாற்றியபின் ஒற்றெழுத்துகளையும் கொம்பெழுத்துகளையும் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய வார இதழ்கள் இருக்கின்றன. ஆனாலும் எல்லா வாரமும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்தப் பகுதியைப் படிக்கிறவர்களில் யாராவது தொடர்களைக் கிழித்து பைண்டு செய்து பரணில் வைத்திருந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். முதல் பக்கத்தில் இதழின் தேதி தெரிகிறதா என்று பார்த்து, தெரியாவிட்டால் பின்பக்கத்து விளம்பரத்தையும் வெட்டாமல் வையுங்கள். பண்டிகைத் தள்ளுபடி, புதுப்பட அறிவிப்பு இவற்றைக் கொண்டே வாரத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

இப்படிக்கு,
சேலம் வாசகர் ஒருவர்