ஆடிப்பெருக்கில் ஆற்றுக்கு நெகிழிப் பையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் பண்டிகைகளில் பெரும்பாலானவை திதியையோ நட்சத்திரத்தையோ பார்த்து வருபவை. ஆடிப்பெருக்கோ ஆண்டுதோறும் ஆடி 18 அன்றே வரும். நாள் தெரிந்த விழாவுக்கு முன்னேற்பாடு செய்வதில் ஏன் தயக்கம்? காவிரித் தாய்க்கு நாம் படைக்கும் காதோலையும் கருகமணியும் இப்போது நெகிழிப் பையில் விற்கப்படுகின்றன. பையோடு ஆற்றில் விழுகின்றன. பார்க்கவே வயிறு எரிகிறது. குறுவைக்கு மேட்டூரிலிருந்து வரும் நீர் அல்லவா அது! ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி முதலே தடை இருக்கிறது. படித்துறைக் கடைகளில் ஆடி பிறந்ததுமே சோதனை நடத்த வேண்டும். திருச்சி அம்மா மண்டபம் போல் கூட்டம் நெரியும் இடங்களில் குப்பைத் தொட்டிகளையும், பெண்கள் உடை மாற்றும் அறைகளையும் கூடுதலாக அமைக்க வேண்டும்.

- வாசகர், ஸ்ரீரங்கம்