புதியது என்று பில் போட்டு மாட்டிய கார் சிடி சேஞ்சர் குறித்த புகார்

அனுப்புநர்
பில்லில் கண்ட வாடிக்கையாளர்,
மயிலாப்பூர், சென்னை.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

ஐயா / அம்மையீர்,

பொருள்: சிடி சேஞ்சரைத் தவறாகப் பொருத்தியதும், பழைய பெட்டியைப் புதியது என்று விற்றதும் தொடர்பாக.

என் காரின் டிக்கியில் இருந்த, ஆறு சிடிக்களை உள்ளே வைத்து ஒவ்வொன்றாகத் தானே மாற்றிப் பாடும் சேஞ்சர் பழுதானதால், உங்கள் சென்னைக் கிளையில் ரூ.14,500 செலுத்தி வேறொன்றை மாற்றிக்கொண்டேன். மாற்றிய பெட்டி, ஓடும் வண்டியில் ஒரு பாட்டைக்கூட முழுதாகப் பாடுவதில்லை. கிளையில் பலமுறை நேரில் சொல்லியும் எழுதிக் கொடுத்தும் பயனில்லாததால் தங்களுக்கு எழுதுகிறேன்.

வண்டி நிற்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும், சேஞ்சர் ஒரு குறையும் இல்லாமல் பாடுகிறது. வேகத்தடையிலோ பள்ளத்திலோ ஏறி இறங்கியதும் பாட்டு தாவுகிறது. சாலை இன்னும் மோசமானால், ஸ்டீரியோவின் திரையில் எரர் என்று காட்டி, ஓடிக்கொண்டிருந்த சிடியை மேகசினுக்குள், அதாவது சிடிக்களை அடுக்கி வைக்கும் கூட்டுக்குள், தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கிறது. கேபிள் தளர்ந்திருந்தால் சேஞ்சரே இல்லை என்றுதான் ஸ்டீரியோ காட்டியிருக்க வேண்டும். இங்கோ சேஞ்சர் திரையில் இருந்துகொண்டே இருக்க, பாட்டின் நேரம் மட்டும் முன்னும் பின்னும் குதிக்கிறது.

இதற்கு உங்கள் கிளையில் முதலில் சொன்ன காரணம், என் சிடிக்களில் கீறல் என்பது. அவை அனைத்தும் கடையில் வாங்கிய அசல் சிடிக்கள். வீட்டில் பதிவு செய்தவையோ காகித லேபிள் ஒட்டியவையோ அல்ல. அதே சிடிக்கள் வீட்டு பிளேயரில் தடங்கலின்றி ஓடுகின்றன. அடுத்து, ஸ்டீரியோ பழசாகிவிட்டது, அதையும் மாற்றிவிடலாம் என்று விலை சொன்னார்கள். இந்தக் காலத்திலும் சிடியா என்று ஒருவர் சிரித்ததை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் டிக்கியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து சேஞ்சரை ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்பதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியவில்லை.

திறந்து பார்த்திருந்தால் காரணம் உடனே தெரிந்திருக்கும். சிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரான் மட்டுமே. குலுங்கும் வண்டியில் அத்தனை நுண்ணிய தடத்தை லேசர் தவறவிடாமல் தொடர வேண்டும் என்பதற்காகத்தான், சேஞ்சரின் உள்ளே இருக்கும் இயந்திரப் பகுதியை ஸ்பிரிங்குகளிலும் அதிர்வைத் தணிக்கும் டேம்பர்களிலும் தொங்கவிட்டிருக்கிறார்கள். பெட்டியைப் படுக்கையாக வைப்பதா, செங்குத்தாக நிறுத்துவதா என்பதைப் பொறுத்து அந்த ஸ்பிரிங்குகளின் இழுவிசையை மாற்ற, பெட்டியின் இரு பக்கங்களிலும் திருகுகள் உண்டு. என் காரில் சேஞ்சர் செங்குத்தாக நிற்கிறது. வெளியே தெரியும் பக்கத்துத் திருகோ படுக்கைவாட்டு நிலையிலேயே இருக்கிறது. மறுபக்கத் திருகைப் பார்க்கவே பெட்டியைத் தாங்கும் பட்டையைக் கழற்ற வேண்டும். வெளியாட்கள் கழற்றினால் வாரண்டி செல்லாது என்று உங்கள் அட்டையே சொல்வதால் நான் அதைத் தொடவில்லை.

மூடியைத் திறந்தபோது கண்ணில் பட்ட இன்னொன்று இதைவிடக் கவலைக்குரியது. பெட்டியின் ஓரத்தில் வேறு ஏதோ பட்டை முன்பு இறுக்கப்பட்டிருந்த தடம் இருக்கிறது. திருகாணி ஒன்றின் தலை தேய்ந்திருக்கிறது. முத்திரை ஸ்டிக்கர் கிழிந்து மறுபடி ஒட்டப்பட்டிருக்கிறது. பில்லில் 'புதியது' என்று எழுதியிருக்கிறது. இந்த வகைச் சேஞ்சர் இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது என்பதை நான் அறிவேன். செப்பனிட்ட பெட்டிதான் இருக்கிறது என்று சொல்லி அதற்குரிய விலையைக் கேட்டிருந்தால் மறுப்பின்றி வாங்கியிருப்பேன்.

என் பழைய சேஞ்சரும் அதன் மேகசினும் இன்னும் என்னிடம் திரும்பவில்லை. சிடியை எடுத்துச் சுழற்றிவிட்டுப் படிக்க முடியாமல் திருப்பி அனுப்புவதுதான் அதன் குறை. லென்ஸில் தூசி படிந்தாலும் அப்படி நேரும். லென்ஸைத் துடைத்துப் பார்த்தார்களா என்ற கேள்விக்குக் கிளையில் பதில் இல்லை. கழற்றிய பொருள் எனக்குச் சொந்தமானது. அதை வைத்துக்கொள்ள நான் யாருக்கும் இசைவு தரவில்லை.

ஆகவே, பழைய சேஞ்சரையும் மேகசினையும் உடனே திருப்பித் தர வேண்டும். இப்போது மாட்டியுள்ள பெட்டி புதியதுதான் என்றால் அதற்கான கொள்முதல் ஆவணத்தைக் காட்டி, இரு திருகுகளையும் செங்குத்து நிலைக்கு மாற்றி, என்னை உடன் அமர்த்தி வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். புதியதில்லை என்றால் அதைக் கழற்றிக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். பழைய அல்லது செப்பனிட்ட பொருளைப் புதியது என்று காட்டி விற்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(47)இல் முறையற்ற வணிக நடைமுறையாகவே குறிப்பிடுகிறது. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

பில், வாரண்டி அட்டை ஆகியவற்றின் நகல்களும், திருகின் நிலையும் முத்திரையும் தெரியும் படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. வண்டியைக் கொண்டுவர வேண்டிய நாளை முன்கூட்டியே தெரிவிக்கவும். டிக்கியைத் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக் அன்று பணியில் இருப்பதை உறுதி செய்யவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்